ஃபாலோ-அப் சித்தப்பா

எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். ஒரு வேலையும் செய்யமாட்டார். ஆனால் எல்லா வேலையும் அவர் கையில்தான் இருக்கும்.

சட்டைப்பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரெக்சின் பை, அதற்குள் ஊரார் அத்தனை பேரின் ஆதார் ஜெராக்ஸ். பட்டா மாறுதலா, ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வேண்டுமா? "எங்கிட்ட விடுடா" என்று வாங்கிப் பைக்குள் போடுவார். போனது போனதுதான்.

ஒரு மாதம் கழித்துக் கேட்டால், "ஃபாலோ-அப் பண்ணிட்டிருக்கேன்டா" என்பார். அந்தக் குரலின் களைப்பைக் கேட்டு, கேட்டவனே காபி வாங்கிக் கொடுப்பான்.

பழகியவர்களுக்கு உள்ளர்த்தம் தெரியும். "ஃபாலோ-அப் பண்ணணும்" என்றால் மறந்துவிட்டார். "பண்ணிட்டிருக்கேன்" என்றால் நீங்கள் கேட்ட பிறகுதான் நினைவே வந்தது. "பண்ணச் சொல்லியிருக்கேன்" என்றால் காகிதம் தொலைந்துவிட்டது. "நீயும் ஒரு ஃபாலோ-அப் போட்டுப் பாரேன்" என்றால் வேலை உங்கள் தலைக்கே திரும்பிவிட்டது.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 வந்த பிறகு அரசு அலுவலகமே 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். சித்தப்பா அதன் வரம்புக்குள் வரமாட்டார். இதெல்லாம் தெரிந்துதான் சித்தி கேஸ் புக்கிங்கைக்கூட அவரிடம் விடுவதில்லை.

போன முகூர்த்தத்துக்குக் கும்பகோணம் போகவேண்டும். ரயிலில் 60 நாள் முன்பே டிக்கெட் போடலாம். "அவசரப்படாதே, எழும்பூர்ல நம்ம ஆள் இருக்கார்" என்றார் சித்தப்பா. கடைசியில் கிடைத்தது வெயிட்டிங் லிஸ்ட். "ஈ.க்யூ.ல, அதான் எமர்ஜென்சி கோட்டாவுல, ஏத்திடலாம்" என்றார். முதல்நாள் 10 மணிக்கு ஏசி தட்கலும் 11 மணிக்கு ஸ்லீப்பர் தட்கலும் திறந்தன, தீர்ந்தன. சித்தப்பா போனும் காதுமாக ஃபாலோ-அப்பில் இருந்தார். சார்ட் வந்தது, எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. கிளாம்பாக்கத்தில் பஸ் பிடித்து, பாதி வழி நின்றுகொண்டே போனோம்.

ஆன்லைன் வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் என்பதால் அது தானாகவே ரத்தாகி, பணம் கணக்கில் வந்து விழுந்தது. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார்: "விட்டேனா? ஃபாலோ-அப் பண்ணிக் காசைத் திரும்ப வாங்கிட்டேன்ல!"

"கொஞ்சம் பிடிச்சுக்கிட்டுத்தானே சித்தப்பா கொடுத்திருக்கான்?" என்றேன்.

அப்பளத்தை நொறுக்கியபடியே சொன்னார்: "அதையும் ஃபாலோ-அப் பண்ணிட்டிருக்கேன்டா."