சட்டப்படி வந்த சக்கரவர்த்தி

ஷீவ் பால்பட்டீனை வில்லன், வில்லன் என்று ஏசுகிறவர்களை நான் நம்புவதில்லை. அவர் என்ன, நள்ளிரவில் படையோடு வந்து செனட் மண்டபத்தின் பூட்டை உடைத்தாரா? 'ஸ்டார் வார்ஸ்' படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாருங்கள். நபூ கிரகத்தின் செனட் உறுப்பினராக இருந்தவர் குடியரசின் தலைவரான சான்சலர் ஆனதற்கு வாக்கெடுப்பு உண்டு. சான்சலர் கைக்கு அவசர அதிகாரம் போனதற்குத் தீர்மானம் உண்டு. பதவிக்காலம் முடிந்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்காததற்கு, 'நீங்களே தொடர வேண்டும்' என்று சபை கெஞ்சிய கதை உண்டு. சக்கரவர்த்தி என்று தனக்குத்தானே முடிசூட்டிக்கொண்ட அன்றைக்குக் கைதட்டல் உண்டு. கொடுத்தவர்கள் எல்லாரும் சௌக்கியமாக இருக்க, வாங்கிக்கொண்டவரை மட்டும் கழுவி ஊற்றினால் எப்படி?

கதை வரியில் தொடங்குகிறது. 1999-ல் 'தி ஃபேன்டம் மெனஸ்' வந்தபோது, திரையில் மேலேறிப் போகும் மஞ்சள் எழுத்துகள் வணிகப் பாதைகளின் வரி பற்றிய தகராறைச் சொன்னதும் உலகம் முழுக்கக் கொட்டாவி. லேசர் வாளைப் பார்க்க வந்தவனை வணிகவரி அலுவலகத்தில் உட்கார வைத்துவிட்டார் ஜார்ஜ் லூகாஸ் என்று நக்கலடித்தார்கள். எனக்கோ அந்தக் கொட்டாவிதான் படத்தின் தலையாய காட்சி. வரி, குழு, திருத்தம், ஒத்திவைப்பு என்று பேச்சு எடுத்தால் பொதுஜனம் தூங்கிவிடும் என்ற ஒரே உண்மையை முதலாகப் போட்டுத்தான் பால்பட்டீன் கடை விரித்தார். கொள்வார் இல்லை என்று அவர் வருந்த நேரவில்லை.

வரி பிடிக்காத டிரேட் ஃபெடரேஷன் என்ற வணிகக் கூட்டமைப்பு, நபூவைப் போர்க்கப்பல்களால் வளைத்து எதுவும் உள்ளே போகாமல் மறிக்கிறது. பிறகு படையையே இறக்குகிறது. பதினான்கு வயது ராணி அமிடாலா தலைநகர் கோரஸன்ட்டுக்குத் தப்பி வந்து செனட்டில் முறையிடுகிறாள். அங்கே எழுந்து ஆட்சேபம் சொல்கிறவர் யார் தெரியுமா? அதே கூட்டமைப்பின் பிரதிநிதி. ஆமாம், கம்பெனிக்கே செனட்டில் நாற்காலி. ஊரை முற்றுகை போட்டவரே எழுந்து நின்று, ஆதாரம் இல்லை, விசாரணைக் கமிஷன் அனுப்பிப் பார்க்கலாம் என்கிறார். சான்சலர் வலோரம், காதில் ஓதப்பட்டதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுகிறார். வலோரம் நேர்மையான மனிதர். நேர்மையாக ஒன்றும் செய்யாமல் இருந்தார்.

ராணிக்குப் பக்கத்திலேயே பால்பட்டீன் நிற்கிறார். முகத்தில் துக்கம். 'இந்தச் சான்சலரால் ஆகாதம்மா, நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒன்றுதான் வழி' என்கிற தொனியில் அவள் காதில் போடுகிறார். நபூவுக்குக் கப்பல்களை ஏவியதே முக்காடு போட்ட இன்னொரு பெயரில் இவர்தான். டார்த் சிடியஸ். தன் சொந்த மண்ணை எதிரிக்குக் காட்டிக்கொடுத்து, அதன் கண்ணீரைக் காட்டியே பதவிக்கு வருவதற்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்! நம் ஊர் நிலைமை நமக்கு அனுதாப வாக்கைக் கொண்டுவரும் என்று அவர் வாய்விட்டே சொல்கிறார். அனுதாப அலை எந்த விண்மீன் மண்டலத்திலும் அடிக்கும் போலிருக்கிறது. பிள்ளைப் பருவம் தாண்டாத ஒரு ராணி தன் நாட்டைக் காப்பாற்ற முன்மொழிந்த தீர்மானம், அதை அழிக்க நினைத்தவனை அரியணைப் படியில் ஏற்றிவிட்டது.

இடையில் ஒன்று. பால்பட்டீனாக நடித்த இயன் மெக்டியர்மிட், 1983-ல் 'ரிடர்ன் ஆஃப் தி ஜெடை' படத்தில் சுருங்கிப்போன கிழச் சக்கரவர்த்தியாக வந்தபோது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. பதினாறு வருஷம் கழித்து அதே ஆளின் இளமைப் பருவத்தை நடிக்க அதிக ஒப்பனை தேவைப்படவில்லை. காலம் போகப் போக இளமையாகி வந்த அரசியல்வாதி.

நான் உண்மையில் பேச நினைத்தது மாஸ் அமெட்டாவைப் பற்றி. நீல நிறம், தலையில் கொம்பு, கையில் கோல். படம் பார்த்தவர்களில் பாதிப்பேருக்குப் பெயர் ஞாபகம் இருக்காது. வலோரம் சான்சலராக இருந்தபோது பக்கத்து ஆசனத்தில் துணைத் தலைவராக உட்கார்ந்திருந்தவர் இவர். வலோரம் விழுந்தார், இவர் விழவில்லை. பால்பட்டீன் சான்சலர் ஆனார், பக்கத்தில் இவர். பால்பட்டீன் பேரரசர் ஆனார். அப்போதும் பக்கத்தில் இவர், பெயர் மட்டும் மகா மந்திரி என்று மாறியது. கடைசியில் பேரரசு தோற்றபோது சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டதும் இவர்தான். குடியரசு, சர்வாதிகாரம், தோல்வி மூன்றுக்கும் ஒரே பேனா! இந்த ஆளுக்கு லேசர் வாள் கிடையாது, விரலில் மின்னல் வராது, கறுப்பு முகமூடி கிடையாது. அதனால் யாரும் இவரைப் பொம்மை செய்து கடையில் முன்வரிசையில் வைப்பதில்லை. ஆனால் இவர் இல்லாவிட்டால் மின்னல் விட்டவரால் ஒரு தீர்மானத்தைக்கூட நகர்த்தியிருக்க முடியாது.

2002-ல் வந்த 'அட்டாக் ஆஃப் தி குளோன்ஸ்' படத்தில் இவர் வேலை செய்யும் அழகைப் பாருங்கள். குடியரசிலிருந்து பிரிந்து போகிறோம் என்று ஆயிரக்கணக்கான கிரகங்கள் டூக்கு பிரபுவின் தலைமையில் திரள்கின்றன. டூக்கு யார்? முக்காடு போட்ட அதே சிடியஸின் சீடர். அரசுக்கும் தலைவர், கலகத்துக்கும் தலைவர். ராணுவம் அமைக்கும் மசோதாவை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றவள் அமிடாலா; ராணிப் பதவி முடிந்து இப்போது செனட் உறுப்பினர். அவள்மேல் கொலை முயற்சி நடக்கிறது. 'உங்கள் பாதுகாப்பு முக்கியம்' என்று அவளை ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அவள் இடத்தில் வாக்களிக்க வந்தவர் ஜார் ஜார் பிங்ஸ். சான்சலருக்கு அவசர அதிகாரம் தரும்படி முன்மொழிய எந்த உறுப்பினருக்குத் தைரியம் இருக்கிறது என்று சான்சலரே பெருமூச்சு விடுகிறார். அமிடாலா இருந்திருந்தால் என்று மாஸ் அமெட்டா ஏங்குகிறார். அந்த அறையில் கள்ளம் தெரியாத ஒரே ஆள் ஜார் ஜார். அவரே எழுந்து முன்மொழிகிறார்.

ஜார் ஜாரின் கோமாளித்தனத்தை ரசிகர்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. இதைச் செய்ததற்காக அவரைத் திட்டுகிறவர்கள் குறைவு. எனக்கு அவர்மேலும் கோபம் இல்லை. எழுதிக்கொடுத்ததைப் படிக்கும் புது உறுப்பினர் எந்தச் சபையில்தான் இல்லை? கோபம் மற்றவர்கள்மேல். படித்தவர்கள், பழுத்தவர்கள், ஆயிரம் கிரகங்களின் சார்பில் மிதக்கும் மேடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் மேசையைத் தட்டி ஆர்ப்பரிக்கிறார்கள். சான்சலரோ தயங்குகிறார்! மனமில்லாமல் ஏற்றுக்கொள்கிறாராம். ஜனநாயகத்தின்மேல் உயிரையே வைத்திருக்கிறாராம். நெருக்கடி தீர்ந்ததும் அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். நெருக்கடி எப்போது தீரும் என்று கேட்க ஒருவருக்கும் நாக்கு எழவில்லை. அந்த நெருக்கடியின் குழாயே அவர் வீட்டுக்குள் இருந்தது.

ஜெடைகளுக்கு வருவோம். அமைதியின் காவலர்கள், மனதைப் படிப்பவர்கள், சுவரைத் தாண்டுபவர்கள். அவர்களுடைய நூலகத்தில் கமினோ என்ற கிரகத்தைத் தேடி ஓபிவான் கெனோபி போகிறார். ஆவணத்தில் இல்லை. ஆவணத்தில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்கிறார் நூலகர் அம்மா. தாலுகா ஆபீஸ் வாசலில் நின்ற எவருக்கும் அந்தக் குரல் பழக்கமானதுதான். கமினோ இருந்தது. அங்கே ஒரே ஆளின் நகலாக இரண்டு லட்சம் படைவீரர்கள் தயாராக, மேலும் பத்து லட்சம் பேர் வளர்ந்துகொண்டிருந்தார்கள். பத்து வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒரு ஜெடையின் பெயரில் ஆர்டர் கொடுக்கப்பட்டிருக்கிறது. பணம் யார் கட்டியது? செனட் ஒப்புதல் எங்கே? போரில் ஆள் தேவைப்பட்டதும் கேள்விகள் அலமாரிக்குள் போயின. ஜெடைகளின் மூத்த குரு யோடாவே நேரில் போய்ப் படையை டெலிவரி எடுத்துவந்தார். செனட் ஒரு ஸித் பிரபுவின், அதாவது ஜெடைகளின் பரம வைரியின், பிடியில் இருக்கிறது என்று டூக்கு பிரபு ஓபிவானிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். எதிரி சொன்ன உண்மை என்பதால் அது உண்மை இல்லையாகிவிட்டது. சில வருஷம் கழித்து, 66-ஆம் எண் ஆணை என்ற ஒற்றை வார்த்தையில் அந்த வீரர்களே திரும்பி நின்று தங்கள் ஜெடைத் தளபதிகளைச் சுட்டார்கள். கணக்குக் கேட்காமல் வாங்கிய பொருளுக்கு ரசீது அப்போதுதான் வந்தது.

2005-ன் 'ரிவெஞ்ச் ஆஃப் தி ஸித்'. பால்பட்டீனைக் கைது செய்ய மேஸ் விண்டு என்ற ஜெடை இன்னும் மூன்று ஜெடைகளோடு வருகிறார். பால்பட்டீன் விரல்களிலிருந்து பாய்ச்சிய மின்னலை விண்டுவின் வாள் திருப்பியடிக்க, அவர் முகமே உருக்குலைகிறது. மறுநாள் அதே முகத்தோடு செனட்டுக்கு வருகிறார். பாருங்கள், என்னைக் கொல்ல வந்தார்கள், இது அவர்கள் தந்த தழும்பு. தன் மின்னலில் தானே வெந்த முகத்தைத் தியாகத் தழும்பாக விற்றவர் அவர். பாதுகாப்பான சமுதாயத்துக்காகக் குடியரசைப் பேரரசாக மாற்றுகிறேன் என்கிறார். அப்போது எழுந்த கைதட்டலைக் கேட்டிருக்கிறீர்களா? பாதுகாப்பு! அதே நேரம் நகரத்தின் இன்னொரு மூலையில் ஜெடைக் கோயில் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே குழந்தைகளின் பிணங்கள். புகை தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் அந்தக் கைகளாலேயே தட்டினார்கள். எவனுக்கும் எலும்பு முறியவில்லை, எவன் வீட்டிலும் அன்று இரவு சாப்பாடு இறங்காமல் இருந்திருக்காது.

லூகாஸ் இதை வானத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வரவில்லை. அவர் எழுதத் தொடங்கிய 1973-ல் வாட்டர்கேட் ஊழல் நாறிக்கொண்டிருந்தது. பேரரசர் ரிச்சர்ட் நிக்ஸன்தான் என்று பிறகு கதை விவாதமொன்றில் சொன்னவர் அவர். சீசரைக் கொன்ற ரோமின் செனட், அவனுடைய வாரிசிடம் எல்லாவற்றையும் ஏன் ஒப்படைத்தது; ராஜாவின் தலையை வெட்டிய பிரான்ஸ் நெப்போலியனுக்கு ஏன் மகுடம் கொடுத்தது; இந்தக் கேள்விகள் அவரைக் குடைந்தன. 1933 மார்ச் 23 அன்று பெர்லினில், நாடாளுமன்றக் கட்டடம் எரிந்துபோனதால் ஓர் இசை நாடக அரங்கில் கூடிய ஜெர்மன் உறுப்பினர்கள், ஹிட்லருக்குத் தாமே சட்டம் இயற்றும் அதிகாரத்தை 444 வாக்குகளால் கொடுத்தார்கள். எதிர்த்தவர்கள் 94 பேர், அத்தனை பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கம்யூனிஸ்டுகள் உள்ளேயே வரவில்லை. பலர் சிறையில் இருந்தார்கள். அந்த 444 பேரும் கொலைகாரர்கள் இல்லை. அவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள்.

படக் கதைக்குத் திரும்புவோம். பேரரசு வந்ததும் செனட் மூடப்பட்டது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. அது பத்தொன்பது வருஷம் திறந்தே இருந்தது! விளக்கு எரிந்தது, ஆசனம் துடைக்கப்பட்டது, உறுப்பினர்கள் விருந்துகளுக்குப் போய்வந்தார்கள். இதை உறைக்கும்படி காட்டியது டோனி கில்ராய் உருவாக்கிய 'ஆண்டோர்' தொடர். 2025-ல் வந்த அதன் இரண்டாம் பகுதியில் கோர்மன் என்ற கிரகம். சிலந்திப் பட்டுத் துணிக்குப் பெயர்போன ஊர். அதன் மண்ணுக்கு அடியில் இருக்கும் ஒரு கனிமம் பேரரசுக்கு வேண்டும். தோண்டினால் கிரகம் தாங்காது. என்ன செய்வது? முதலில் விளம்பர ஆசாமிகளைக் கூப்பிட்டு, கோர்மன்காரர்கள் திமிர் பிடித்தவர்கள் என்று ஊரெல்லாம் பேச வைக்கிறார்கள். பிறகு அங்கே கலகம் வளரவிடுகிறார்கள். பிறகு சதுக்கத்தில் கூடியவர்களைச் சுட்டுத் தள்ளுகிறார்கள். செனட்டில் மோன் மோத்மா எழுந்து இதை இனப்படுகொலை என்று பெயர் சொல்லிப் பேசினார். பேசி முடித்தவருக்குக் கட்டடத்தை விட்டு உயிரோடு வெளியேறுவதே பெரும்பாடாகிவிட்டது. அவரும் அதற்கு முன் எத்தனையோ வருஷம் நல்ல ஆடையில், நல்ல சிரிப்போடு அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவர்தான். ஆனாலும் எழுந்தார். எழாதவர்கள் அன்றைக்கும் அவை மரபைப் பற்றிக் கவலைப்பட்டார்கள்.

கடைசியில் 1977-ல் வந்த முதல் படத்தில், செனட்டைக் கலைத்தாயிற்று என்று பேரரசின் ஆளுநர் டார்கின் ஒரு கூட்டத்தில் போகிறபோக்கில் அறிவிக்கிறார். அதிகாரவர்க்கம் இல்லாமல் எப்படி ஆள்வது என்று ஒரு தளபதி சந்தேகம் கேட்கிறார். இனி டெத் ஸ்டார்மேல் உள்ள பயம் பார்த்துக்கொள்ளும் என்று பதில். அவ்வளவுதான். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கிரகத்தையே பொடியாக்கும் ஆயுதம் தயாரான பிறகு அலங்காரப் பொம்மைக்கு என்ன வேலை? அடுத்து ஆல்டரான் என்ற கிரகம் சாம்பலானது.

பள்ளத்தில் தள்ளிக் கொன்ற பிறகும் பேரரசர் எப்படியோ திரும்பி வந்துவிட்டார் என்று 2019-ல் வந்த படத்தில் ஒரே வரியில் சொல்லி முடித்ததற்காகத் திரைக்கதை எழுதியவர்களைக் கேலி செய்தார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். அதற்கு முந்தைய கதையைப் பாருங்கள். 'மாண்டலோரியன்' தொடரின் 2023-ஆம் ஆண்டுப் பகுதியில் பேரரசு ஒழிந்து புதுக் குடியரசு நடக்கிறது. பழைய பேரரசின் விஞ்ஞானி ஒருவர் மன்னிப்புத் திட்டத்தில் திருந்தியவராக மேடையேறிப் பேசுகிறார். இடம், கோரஸன்ட்டில் பால்பட்டீன் ஒருகாலத்தில் நாட்டியம் பார்க்க வந்த அதே இசை அரங்கம். பேச்சு முடிந்ததும் பணக்காரச் சீமான்களும் சீமாட்டிகளும் அவரைச் சூழ்ந்துகொள்கிறார்கள். பேரரசு, கலகக்காரர்கள், புதுக் குடியரசு, இதில் யார் யார் என்றே பிடிபடுவதில்லை என்று ஒருவர் சிரிக்கிறார். மற்றவர்களும் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு எந்த ஆட்சியிலும் முன்வரிசைச் சீட்டு.