காம்பராவுக்குச் சில்லு பூட்டுதல்: டிக்கோயா வேன்களின் மார்கழி ஆயத்தம் குறித்த ஓர் ஆய்வு

பனிக்காலம் நெருங்கினால் வீட்டையும் ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பும் கூட்டம் ஒன்று மேற்குலகில் உண்டு. ஜெர்மனிக்காரரும் ஒல்லாந்தரும் ஸ்பெயினின் தென்கரைக்குப் போகிறார்கள், கனடாக்காரர் ஃபுளோரிடாவுக்கு. படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் வைத்துக் கட்டிய மோட்டார் வீட்டில் மாதக்கணக்கில் இருந்துவிட்டு, பனி உருகியபின் திரும்புகிறார்கள். புறப்படுமுன் காஸ் சிலிண்டரை எப்படிக் கட்டுவது, குழாயில் தண்ணீர் உறையாமல் எப்படி வடிப்பது என்றெல்லாம் தடித்த கைநூல்களும் எழுதி வைத்திருக்கிறார்கள். இதே காரியத்தை இலங்கை மலைநாட்டின் டிக்கோயாத் தேயிலைத் தோட்டத்துச் சனம் ஒரு வாடகை டொல்பின் வேனை வைத்து ஒவ்வொரு டிசம்பர் விடுமுறையிலும் செய்து முடிக்கிறது. ஆய்வுலகம் இதுபற்றி மூச்சுவிடவில்லை. அந்தக் குறையைத் தீர்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறையின் வரலாற்றை எழுதுவோர் 1885இல் தொடங்குவது வழக்கம். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியர் அக்காலத்தில் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டியைத் தமக்கெனக் கட்டுவித்து, வண்டிக்காரர் ஒருவரோடும் ஏவலாள் ஒருவரோடும் ஊர்சுற்றப் புறப்பட்டார். உல்லாசத்துக்காகக் கட்டிய முதல் நடமாடும் வீடு அதுவே என்பார்கள். இது ஏற்கத்தக்கதன்று. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே, தோட்ட வேலைக்காக மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள் சட்டி, பானை, கம்பளி, பிள்ளை, சாமி என்று முழுக் குடித்தனத்தையும் சுமந்து வந்தார்கள். ஹட்டனுக்கு ரயில் வந்ததே 1884இல்தான். ஏவலாள் இல்லாமல் பயணம் செய்தவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைப்பது கடினம் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

வந்து சேர்ந்தவர்களுக்குக் கிடைத்த வீடு, லயத்து வரிசையில் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா. தாத்தா, அம்மாயி, அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் அதற்குள்தான். அடுப்பு இஸ்தோப்பின் ஒரு மூலையில். ஐரோப்பியர் கைநூல் பார்த்துக் கற்கும் இடச்சிக்கனத்தை இங்கே குழந்தை தவழும்போதே கற்றுவிடுகிறது. லயத்துப் பிள்ளைக்கு ஒரு வேனைக் காட்டினால் அது வாகனத்தைப் பார்ப்பதில்லை. இத்தனை இடம் சும்மா கிடக்கிறதே என்றுதான் பார்க்கும். மேற்கத்திய மோட்டார் வீடு, வீட்டைச் சுருக்கி வண்டிக்குள் வைத்த முயற்சி. டிக்கோயாவில் வீடு ஏற்கெனவே சுருங்கித்தான் இருந்தது, சில்லு மட்டுமே பாக்கி. இந்தக் கட்டுரையின் கருதுகோள் இவ்வளவுதான். (இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஹட்டனில் ரயிலேறித் தலைமன்னாருக்குப் போனவர்கள் ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள் மூன்று தலைமுறையை அடக்கியதும் இதே திறமையால்தான். அதைப் பற்றி இந்த நடையில் எழுத முடியாது.)

களமாக டிக்கோயாப் பாதையோரத்தைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், இங்கே இரண்டு எதிரெதிர் ஓட்டங்களை ஒரே தேநீர்க்கடை வாங்கில் இருந்து பார்க்கலாம். டிசம்பர் உந்துவப் போயாவில் சிவனொளிபாதமலைப் பருவம் தொடங்கி மே மாத வெசாக் வரை நடக்கும். முன்பக்கத்தில் தென்னம்பாளையோ கமுகம்பாளையோ கட்டிய கீழ்நாட்டு வாகனங்கள் ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று நல்லதண்ணி நோக்கி வரிசையாக ஏறும். அதே நாட்களில்தான் தோட்டத்து வேன்கள் இறங்குகின்றன. அவர்கள் குளிருக்குள் வருகிறார்கள், இவர்கள் குளிரை விட்டு ஓடுகிறார்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்து வளைவில் இரண்டு வேனும் ஒதுங்கி வழிவிடும்போது, எதிர் வேனில் இருப்பவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இரு தரப்பும் ஏகமனதாக முடிவு செய்கின்றன. அந்த நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள பழைய துரைமார் பங்களாக்கள் சில 2005இல் இருந்து உல்லாச விடுதிகளாகி, குளிரைக் காசு கொடுத்து அனுபவிக்கும் வெளிநாட்டாரை வரவேற்கின்றன. அவர்கள் மூன்றாம் தரப்பு. அவர்களுக்குச் சாமான் கட்டும் பிரச்சினை இல்லாததால் ஆய்விலும் இடமில்லை.

தோட்டத்து வேனின் இலக்கு பெரும்பாலும் திருகோணமலை. டிசம்பரில் அங்கே வடகீழ்ப் பருவமழை கொட்டும், கடலும் கொந்தளிக்கும். வானிலை அறிந்தவர் எவரும் சிபாரிசு செய்யமாட்டார். ஆனால் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான், பிடித்த சீட்டு கைக்கு வருவதும் அப்போதுதான். ஜனவரி பிறந்தால் இந்தப் பக்கத்துத் தேயிலைக்குத் தரமான பருவம். வேலைக்குப் போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. ஆகவே குளிரிலிருந்து மழைக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

வாகன வகைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொயோட்டா ஹையேஸ் வேன்கள் இலங்கையில் ஷெல், டொல்பின், கே.டி.எச். என்று மூன்று சாதியாக வழங்கும். ஷெல் மூத்தது. கே.டி.எச். லண்டன், கனடாவில் இருந்து சொந்தக்காரர் வந்திருக்கும் வீடுகளுக்கானது. நடுவில் நிற்கும் டொல்பினே ஆய்வுக்குரியது. அதன் கூரைக் கெரியர்மேல் எதையும் ஏற்றலாம் என்று சனம் நம்புகிறது, ஏற்றக்கூடாது என்று டிரைவர் நம்புகிறார். புறப்பாட்டுக்கு முதல்நாள் இரவு முழுவதும் நடப்பது இந்த இரு நம்பிக்கைகளின் மோதல்தான்.

இனி, இத்துறையின் தலையாய சிக்கலுக்கு வருவோம்: தேங்காயெண்ணெய்ப் போத்தல். தேங்காயெண்ணெய் சுமார் 24 பாகை செல்சியஸில் உருகும். டிக்கோயாவில் மார்கழி இரவு 15 பாகைக்குக் கீழே இறங்கிவிடும், எண்ணெய் வெள்ளைக் கட்டியாகிப் போத்தலைக் கவிழ்த்தாலும் அசையாது. அதைப் பொதி செய்யும் சித்தி கண்ணால் காண்பது ஒரு திடப்பொருளை. திடப்பொருளுக்கு மூடியை இறுக்கவேண்டிய அவசியம் என்ன? புது உடுப்புப் பையில், பிள்ளையின் வெள்ளைச் சட்டைக்கும் மாமாவின் வேட்டிக்கும் நடுவில் பத்திரமாகப் படுக்க வைக்கிறார். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வரை ஒன்றும் நடப்பதில்லை. கண்டியில் போத்தலின் ஓரம் கண்ணாடிபோல் தெளிகிறது, யாரும் கவனிப்பதில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இறங்கிக் கும்பிட்டு, தேங்காய் உடைத்து, மத்தியான வெயிலில் நின்ற வேனுக்குத் திரும்பிவரும்போது வேட்டி மணக்கிறது. “போன வருசமும் இப்படித்தானே ஆச்சு!” என்கிறார் மாமா. “போன வருசம் பச்சை மூடி, இது நீல மூடி” என்கிறார் சித்தி. மூடியின் நிறத்துக்கும் எண்ணெயின் உருகுநிலைக்கும் உள்ள தொடர்பை இயற்பியல் இன்னும் கண்டறியவில்லை. கட்டியாக இருக்கும்போதே வாயில் பொலித்தீன் வைத்து மூடியைத் திருகினால் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் இவ்வளவு எளிய தீர்வைச் சொன்னால் கோயில் வாசலில் பேச என்ன இருக்கும் என்ற சமூகவியல் கேள்வி எழுகிறது.

தண்ணீர்ப் போத்தல் இதற்கு நேர்மாறு. டிக்கோயாவில் பாதி குடித்துவிட்டு மூடி வைத்த பிளாஸ்டிக் போத்தல் கடற்கரையை அடையும்போது இடுப்பு ஒடுங்கிச் சப்பியிருக்கும். மலைக்காற்றை அடைத்த போத்தலைக் கடல்மட்டக் காற்று அமுக்குகிறது, அவ்வளவுதான். யாரோ மேலே உட்கார்ந்துவிட்டார்கள் என்று ஒரு பையனுக்கு ஆண்டுதோறும் குட்டு விழுகிறது. விஞ்ஞானத்தின் பேரால் அந்தப் பையனுக்கு இங்கே விடுதலை வழங்கப்படுகிறது.

இதே காற்றழுத்தம்தான் சோற்றையும் ஆட்டி வைக்கிறது. டிக்கோயாவில் தண்ணீர் 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும், திருகோணமலையில் 100 பாகை. நாலு பாகை என்ன பெரிது என்று கேட்பவர், நாற்பது வருடம் ஒரே உயரத்தில் சோறு வடித்த அம்மாயி முதன்முறை கடலோரத்தில் பானை வைப்பதைப் பார்க்கவேண்டும். அவர் கைக்குக் கடிகாரம் தேவையில்லை. தேங்காய் துருவி முடித்தால் சோறு பதம். அந்தக் கணக்கு கடற்கரையில் பொய்த்து, சோறு குழைந்து களியாகிறது. அம்மாயி அரிசியைத் திட்டுகிறார், கடைக்காரரைத் திட்டுகிறார், கடைசியில் உப்புக்காற்றைத் திட்டுகிறார். கடைசியது உண்மைக்கு மிக அருகில் வந்துவிட்டது என்பதை ஆய்வாளர் மரியாதையோடு பதிவு செய்கிறார்.

அடுப்பு விஷயத்தில் இரு பள்ளிகள் உண்டு. இளையவர்கள் காஸ் கட்சி. 12.5 கிலோ சிலிண்டர் காலை மடக்க விடாது, 2.3 கிலோ முழுக் குடும்பத்துக்குப் போதாது, ஆகவே 5 கிலோ என்பது அவர்களின் நடுநிலை. அம்மாயி மிலாறுக் கட்சி. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு ஒரு கட்டு, படங்கில் சுற்றிக் கெரியர்மேல் ஏறாமல் அவர் வேனுக்குள் கால் வைப்பதில்லை. திருகோணமலையில் விறகே கிடையாதா என்று கேட்டால், “இருக்கும். அது மிலாறு ஆகுமா?” என்பார். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது இவரது பள்ளி ஒரே இரவில் செல்வாக்குப் பெற்றது. ஆனால் வேனே ஓடாத வருடம் அது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது வேனுக்கு வாரத்துக்கு 20 லீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று வைத்தால், பயணம் ஹபரணையைத் தாண்டிய காட்டில், யானை பாதை கடக்கும் இடமாகப் பார்த்து முடிந்திருக்கும். மிலாறு மட்டும் கைவசம் இருந்திருக்கும்.

இருக்கை ஒதுக்கீடு வயதையோ மரியாதையையோ பார்த்து நடப்பதில்லை, குமட்டலைப் பார்த்தே நடக்கிறது. கண் வேனுக்குள்ளே எதுவும் நகரவில்லை என்று சொல்ல, காதின் உட்பகுதி வளைவுக்கு வளைவு ஆடுகிறது என்று சொல்ல, இரண்டு சாட்சியும் முரண்படுவதால் வயிறு தீர்ப்பளிக்கிறது. அடுத்த வளைவு முன்பே தெரிவதால் டிரைவருக்கு இது வருவதில்லை. ஆகவே முன்சீட்டுக்குப் போட்டியிடுபவர் தாம் எவ்வளவு மோசமாக வாந்தி எடுப்பவர் என்பதைச் சபையில் நிரூபிக்கவேண்டும். பெருமைக்குரிய குடும்பத் தலைவர்கள்கூட இந்த ஒரு தகுதிக்காகத் தம்மைத் தாழ்த்திப் பேசுவதைக் காணலாம். தோற்றவர் கையில் ஒரு எலுமிச்சம்பழமும் சொப்பின் பேக்கும் கொடுக்கப்படும். எலுமிச்சைக்குத் தட்டுப்பாடு இல்லை. விடியற்காலையில் தொழிற்சாலைப் பக்கத்து ரோதைமுனிக்குச் சூடம் கொளுத்தி, நாலு சில்லுக்கும் கீழே வைத்து நசுக்கியது போக மீதி எப்போதும் இருக்கும்.

கம்பளி பற்றியும் சொல்லவேண்டும். கீழ்நாட்டார் குளிரை நம்பாமல் வெறுங்கையோடு வந்து, ஹட்டன் கடைத்தெருவில் காதுமூடும் கம்பளித் தொப்பி வாங்குகிறார்கள். மலைநாட்டார் வெக்கையை நம்புவதில்லை. தலைக்கொரு கம்பளி, ஸ்வெட்டர், கைக்குழந்தைக்கு இரண்டு தொப்பி என்று வேனின் பின்பக்கம் கூரைமுட்ட அடைத்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறார்கள். முதற்பார்வைக்கு இது மடமை. ஆனால் இரவில் கோயில் மடத்துச் சீமெந்துத் தரையில் அதே கம்பளிகள் மெத்தையாகின்றன, வேனுக்குள் படுக்கும் முதியவர்களுக்குச் சீட்டு இடுக்குகளை நிரப்பும் பஞ்சாகின்றன, பகலில் சோற்றுப்பானையின் சூடு காக்கின்றன. போர்த்திக்கொள்ள மட்டும் யாரும் பயன்படுத்துவதில்லை. இருந்தும் இவ்வளவு பேரும் குளிரைத் துறந்துவிட்டார்கள் என்று முடிவுகட்ட முடியாது. கோணேசர் கோயிலைக் கும்பிட்டு, கடலில் ஒரு கால் நனைத்தபின் மொத்த வேனும் போவது கன்னியாவுக்கு. அங்கே ஏழு வெந்நீர்க் கிணறுகள். பிறந்ததிலிருந்து அடுப்பில் காயவைத்த சுடுதண்ணியில் குளித்த ஊர், வெக்கையைத் தேடி நாளெல்லாம் பயணம் செய்து, மறுபடி வரிசையில் நின்று வாளிவாளியாகச் சுடுதண்ணியைத் தலையில் ஊற்றிக்கொள்கிறது. கேட்டால், “இது விறகில்லாத சுடுதண்ணி தம்பி” என்கிறார் அம்மாயி. கெரியர்மேல் மிலாறுக் கட்டு அவிழ்க்கப்படாமல் கிடக்கிறது.

திரும்பும் பயணத்தில் பொருட்களின் கனஅளவு பற்றிய விதிகள் தளர்ந்துவிடுகின்றன. எண்ணெய் கொட்டிவிட்டது, புளிச்சோறு முடிந்தது, அரிசி குழைந்து தீர்ந்தது. ஆனால் வேன் வந்ததைவிட நிறைந்து திரும்புகிறது. காரணம் கருவாடு. கீரிமீனும் சுறாவும் தோட்டத்துக் கடையில் விற்கும் விலை தெரிந்தவர்கள், திருகோணமலைச் சந்தையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கமுடியாது. கருவாடு ஏற்றிய வேனில் அதன்பின் கலியாண ஹயர் ஓட முடியாது என்பது டிரைவர் தரப்பு வாதம். ஜன்னலைத் திறந்துவிட்டால் கண்டிக்குள் வாசம் போய்விடும் என்பது எதிர்வாதம். மேலே ஏற ஏறக் குளிர் கூடி எல்லா ஜன்னலும் மூடப்படும் என்பதை இரு தரப்பும் அறிவார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இறுதியில் டிரைவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, “கருவாடு ஏத்தினா வண்டி எடுக்கமாட்டேன் அம்மாயி, முதல்லயே சொல்லிட்டேன்” என்கிறார்.

“கருவாடா?” அம்மாயி பொதியைக் கம்பளிக்குள் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றுகிறார். “இது மாசி தம்பி. காலையில ரொட்டிக்கு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கின சம்பல்ல போட்டது என்னன்னு நினைச்ச?”

டிரைவர் பின்கதவைத் திறந்துவிடுகிறார்.