வாடைக்காற்றும் வாய்ச்சூடும்: திருகோணமலைக் கரையோரக் கூடாரங்களில் மாரிகாலச் சுடுசாப்பாடு பற்றிய ஓர் ஆய்வு

திருகோணமலையில் குளிர் என்று ஒன்று இருக்கிறதா என்பதைத் தீர்க்காமல், குளிருக்கு என்ன சமைக்கலாம் என்று இறங்குவது ஆய்வு முறைக்கு ஒவ்வாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இந்த ஊரின் இரவு வெப்பநிலை 24 பாகை செல்சியஸை ஒட்டியே நிற்கும். அதே மாதங்களில் நுவரெலியாவில் 10 பாகைக்குக் கீழே போகும், சில விடியல்களில் புல்லில் உறைபனியும் படியும். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒன்றுவிட்ட அண்ணன் உப்புவெளிக் கடற்கரையில் பெனியனோடு நின்று, 'என்ன வெக்கையடா' என்று விசிறிக்கொள்கிறார். அவரை ஏற்றிவந்த ஓட்டோக்காரர் காதைச் சுற்றித் துவாயைக் கட்டிக்கொண்டு, 'சரியான கூதல் அண்ணை' என்கிறார். இருவரும் நின்றது ஒரே மணலில், ஒரே காற்றில். இருவரில் எவரும் பொய்யர் அல்லர்.

குளிர்வதால்தான் மனிதர் சூடாகச் சாப்பிடுகிறார்கள் என்பது உலகெங்கும் உள்ள பொதுக்கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. திருகோணமலையைப் பொறுத்தவரை சூடாகச் சாப்பிட வேண்டும் என்ற ஆசை முதலில் வந்தது, அதற்குத் தோதாகக் குளிர் பின்னால் உண்டாக்கிக்கொள்ளப்பட்டது.

இதற்கு மார்கழித் திருவெம்பாவைக் காலம் நல்ல சான்று. அந்தப் பத்து நாளும் விடியப்புறம் நாலு மணிக்குக் கிணற்றுத் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றிவிட்டு, சங்கும் சேமக்கலமுமாகத் தெருத்தெருவாகப் பாடிப்போகும் பிள்ளைகளில் யாரும் குளிருகிறது என்று முறையிடுவதில்லை. கோயிலுக்குத் திரும்பி, அண்டாவில் கடலை அவியும் வாசம் மூக்கில் ஏறியதும் அத்தனை பேரும் தோளைக் குறுக்கிக் கையைத் தேய்க்கத் தொடங்குகிறார்கள். வெப்பமானி இடையில் அசையவில்லை. அசைந்தது மூடி.

எதிர்வாதம் ஒன்றை மறைக்கக்கூடாது. பழந்தமிழர் மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பழமொழியும் உண்டு. ஆனால் திருகோணமலையில் அந்த நாட்களில் தரையைத் துளைப்பது மழை. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. வங்கக் கடலைக் கடந்து வாடைக்காற்று ஈரத்தோடு வந்து அறையும். 1964 டிசம்பர் 22இல் தனுஷ்கோடியை அழித்த அதே புயல் முதலில் திருகோணமலையைத்தான் மிதித்துவிட்டுப் போனது. எனவே இங்கே குளிர் என்று நாம் சொல்வது நனைந்த சட்டைமேல் காற்றடிப்பதைத்தான். சட்டையை மாற்றினால் அது போய்விடும். சட்டையை மாற்றுவதற்குப் பதில் சமைப்பது என்று முடிவெடுத்ததில்தான் இந்த ஊரின் நாகரிகம் தெரிகிறது.

முன்னோடிகளில் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞரைத் தவிர்க்க முடியாது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தருகே புயலில் அகப்பட்ட, அவர் வந்த 'ஆன்' என்ற கப்பலின் நடுப்பாய்மரத்தை வெட்டிவிட வேண்டியதாயிற்று. புதுமரம் நாட்டக் கொட்டியாரக்குடாவுக்கு வந்தார்கள். கரையில் இறங்கி ஆறுதலாக இருந்தவர்களை 1660 ஏப்ரலில் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்துக் கண்டி நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். நொக்ஸ் தப்பி அரிப்புக் கோட்டையை அடைந்தது 1679இல். அவர்கள் இருந்த புளியமரத்தடி இதுதான் என்று மூதூரில் இன்றும் இடம் காட்டுவார்கள். அவர்தான் இந்த மாவட்டத்தின் முதல் குளிர்கால முகாமாளர் என்று வாதாட எனக்கும் ஆசைதான். ஆனால் ஏப்ரல் மாதத்தைக் குளிர்காலம் என்று எந்த ஓட்டோக்காரரும் ஒப்புக்கொள்ளமாட்டார். பத்தொன்பது ஆண்டு நீடித்த தங்கலை முகாம் என்பதும் சற்று அதிகம். புளியமரம் மட்டும் மிஞ்சுகிறது. கூழுக்குப் புளி தேவை என்பதால் அதை வைத்துக்கொள்வோம்.

அடுப்பில்லாமல் சமைக்க இயற்கையே வழி வைத்திருக்கிறதே, கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பயன்படுத்தலாமே என்று வெளியூர் அறிஞர்கள் கேட்பதுண்டு. ஏழு கிணறுகள், ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. ஆனாலும் எல்லாம் ஏறத்தாழ 40 பாகையை ஒட்டியவை. முட்டையின் வெள்ளைக்கரு இறுகுவதற்கு 60 பாகைக்கு மேல் வேண்டும். ஆக, கன்னியாவில் முட்டையை அமிழ்த்தினால் முட்டை குளித்துவிட்டு வெளியே வரும், அவ்வளவுதான். தவிர, தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் உண்டாக்கிய ஊற்று என்று சனம் நம்பி, இறந்தவர்களுக்குக் கடமை கழிக்க வரும் இடம் அது. அங்கே முட்டையோடு போவது அழகல்ல.

ஆகவே அடுப்புக்கு வருவோம். இந்தப் பொருள் பற்றி எழுதுகிற பலர் உணவுப் பட்டியலைப் போட்டுவிட்டு நெருப்பைச் சும்மா கிடைப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். மார்கழியில் நிலாவெளிக் கரையில் கிடக்கும் விறகெல்லாம் ஊறிப்போனது, ஊதினால் புகைதான் வரும். குழி தோண்டி அடுப்பு வைக்கலாம் என்றால் ஒரு முழத்துக்குள் தண்ணீர் ஊறிவிடும். கரைவலைக்காரர் ஒருவர் இந்தத் துறையின் அடிப்படை விதியைப் போகிறபோக்கில் சொன்னார்: 'தம்பி, நனைஞ்ச கட்டையை ஊதி ஊதி என்ன காணப்போறாய்? சிரட்டையப் போடு.'

சிரட்டைக்குள் தண்ணீர் இலேசில் ஏறாது. மேலே துடைத்தால் போதும். முதலில் பொச்சில் நாலு தும்பை உரித்து, மெழுகுதிரித் துண்டொன்றை நடுவில் வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதன்மேல் சிரட்டைகளைக் குப்புற அடுக்கினால் உள்ளே சூடு தேங்கி, கொஞ்ச நேரம் கரும்புகை கக்கிவிட்டு, விளிம்பில் நீலமாய் ஒரு சுவாலை ஓடும். அதற்குப்பிறகு மழைத்தூறல் அதை ஒன்றும் செய்யாது. மூன்று கல்லில் இரண்டு வடகிழக்குப் பக்கம் நெருக்கமாக இருக்க வேண்டும். அடுப்பின் வாய் தென்மேற்கைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் வாடை சாம்பலை அள்ளிக் கறிக்குள் போடும். தீப்பெட்டி பொலித்தீன் பைக்குள், பை சாரக்கட்டுக்குள். துறைமுகத்துக்கு அப்பால் சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டிய பாரிய எண்ணெய்த் தாங்கிகள் 99 நிற்கின்றன. அப்படியிருந்தும் 2022இல் மண்ணெண்ணெய்க்கும் காஸுக்கும் வரிசையில் நின்று களைத்த மாவட்டம் சிரட்டையிடம்தான் திரும்பி வந்தது. எரிபொருள் பாதுகாப்பு பற்றி ஆராய்வோர் இதைக் கவனிக்கலாம்.

இனி உணவு. நூடில்ஸ் பற்றி எழுத அதிகம் இல்லை. இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும், அரை மணியில் பசிக்கும்.

தேங்காய்ப்பூ ரொட்டி வேறு தரம். 1980 முதல் இயங்கும் பிறிமா மா ஆலை இந்தத் துறைமுகக் கரையில்தான் நிற்கிறது. கப்பலில் வரும் கோதுமை இங்கேயே மாவாகி நாடு முழுக்கப் போகிறது. ஆகவே ரொட்டி எங்களுக்கு உள்ளூர் விளைபொருள் என்பது என் வாதம், விவசாயத் திணைக்களம் மறுத்தாலும். மாவுக்குள் தேங்காய்ப்பூ, அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், உப்பு. தண்ணீர் அளவாக. வாழையிலைத் துண்டில் தட்டித் தகரத்தில் போட்டு, கரும்புள்ளி விழுந்ததும் திருப்புவது. தொட்டுக்கொள்ள இடிச்ச சம்பல்: செத்தல்மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், மாசி, கடைசியில் தேசிக்காய்ப் புளி.

இங்கே விஞ்ஞானம் குறுக்கிடுகிறது. நாக்கில் சூட்டை உணரும் ஏற்பி ஒன்று 43 பாகையளவில்தான் 'சுடுகிறது' என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். மிளகாயிலுள்ள கப்சைசின் அதே ஏற்பியைத் தட்டி, சூடில்லாதபோதும் அதே செய்தியை அனுப்பவைக்கும். அப்படியானால் ஆறிப்போன சம்பல்கூட மூளையின் கணக்கில் கன்னியாவை வென்றுவிடுகிறது. ஆனால் மூளை ஏமாந்து வியர்வையைத் திறந்துவிட, வாடை அதில் பட்டு, உடம்பு முன்னையைவிடக் குளிரும். பரிகாரம் இன்னொரு ரொட்டி. அதற்கும் சம்பல் வேண்டும். எங்கள் ஊரில் மாவு முடியாமல் இந்தச் சுழற்சி நின்றதாக வரலாறு இல்லை. சூட்டுக்கான ஆசை குளிரை உண்டாக்குகிறது என்ற கருதுகோளுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முகாம் உணவுகளின் அரசு ஒடியற்கூழ். யாழ்ப்பாணத்தார் அதற்கு உரிமை கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும், சம்பூரிலும் பனை நிற்கிறது. பனங்கிழங்கு தை, மாசியில் கிண்டுவது என்பதால் மார்கழிக் கூழுக்குக் கிடைப்பது போன வருடத்துக் கிழங்கைக் காயவைத்த ஒடியல்தான். மாவை முதலிலேயே தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை ஊற்றிக் கசப்பைப் போக்க வேண்டும். வெளிக்கடல் கொந்தளிக்கும் காலம், பெருமீன் எதிர்பார்க்க முடியாது. உட்துறைமுகத்திலும் கிண்ணியாப் பக்கக் களப்பிலும் பிடிபட்டது எதுவோ அது சட்டிக்குள் போகும்: நண்டு, இறால், நாலு சின்னமீன். சட்டியில் ஒரு பிடி அரிசி, மரவள்ளித் துண்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய். அவை பாதி வெந்ததும் நண்டு, பிறகு மீன், இறால். செத்தல்மிளகாயும் மஞ்சளும் அரைத்த கூட்டு, கரைத்த புளி, பிறகு ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றி, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். கூழ் தடித்து, 'பொளக் பொளக்' என்று சோம்பலாகக் கொதிக்கும்போது ஒரு கை முருங்கையிலை. பலாவிலையைக் கோலிக் குடிப்பது முறை. கரண்டியால் குடித்தவர்களையும் நாங்கள் ஒதுக்கிவைப்பதில்லை, பேச்சை மட்டும் குறைத்துக்கொள்வோம்.

கடல்தண்ணீரிலேயே கூழ் காய்ச்சினால் உப்புச் செலவு மிச்சம் என்ற ஒரு யோசனையும் ஆராயப்பட்டது. சாதாரணக் கடல்நீரில் லீற்றருக்கு 35 கிராம் அளவு உப்பு. மூன்று பங்கு நல்ல தண்ணீருக்கு ஒரு பங்கு கலந்தால் கணக்குச் சரியாக வரும். கொட்டியாரக்குடாவில் மட்டும் இந்தக் கணக்குப் பிழைக்கும், 335 கிலோமீற்றர் ஓடிவந்த மகாவலி அங்கேதான் விழுகிறது. மாரியில் அது உப்பைக் கரைத்துப் பாதி மலைநாட்டு மண்ணையும் சேர்த்துத் தரும். நிலாவெளிப் பக்கம் உப்பளமே இருக்க இந்தச் சிக்கனம் யாருக்கு?

இந்த நுட்பங்களையெல்லாம் பொழுதுபோக்குக்குக் கூடாரம் அடிப்பவர்கள் கண்டுபிடித்ததாக யாரும் நினைத்துவிடக்கூடாது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோதும் மாரிதான். 2006இல் போரில் சம்பூர்ச் சனம் ஓடி, கடைசியில் கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தறப்பாளுக்குக் கீழே எத்தனையோ மார்கழிகளைக் கழித்தது. பலர் ஊர் திரும்ப 2015, 2016 ஆயிற்று. நிவாரணத்தில் வந்த மா, பருப்பு, எண்ணெய், சீனி. வாசலில் மூன்று கல். ஒழுகும் மூலையில் சட்டியா, பிள்ளையா என்று இடம் பிரிக்க வேண்டியிருந்தது. காற்றுக்கு எந்தப் பக்கம் கல்லை நெருக்குவது, ஈரத்தில் எதைப் பற்றவைப்பது, ஒரே நெருப்பில் தேத்தண்ணியையும் ரொட்டியையும் எப்படி முடிப்பது என்பதெல்லாம் இந்த மாவட்டத்துப் பெண்கள் யாரும் கேட்காமலே கற்றுக்கொண்டது. இத்துறையில் கலாநிதிப் பட்டம் கொடுப்பதென்றால் எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாதுகாப்பு பற்றி ஒரு குறிப்பு. பிற நாட்டு முகாம்களில் கரடி வரும் என்கிறார்கள். இங்கே மான் வரும். பிரெட்றிக் கோட்டையிலிருந்து கோணேசர் கோயில் வரை யாத்திரிகர் கொடுக்கும் வாழைப்பழத் தோலில் வளர்ந்த புள்ளிமான்கள், நகரத்துத் தெருக்களையும் கடற்கரையையும் தம் பாட்டன் சொத்தாகப் பாவிக்கின்றன. கறிவேப்பிலை, முருங்கையிலை, கடதாசிப் பை எதையும் வெளியே வைக்கக்கூடாது. சட்டம் அவற்றின் பக்கம் என்பது அவற்றுக்குத் தெரியும்போலிருக்கிறது, துரத்தினால் நின்று பார்க்கும்.

கடைசியாக ஒரு பிணக்கு. இரவு மிஞ்சிய கூழ் விடியும்வரை சட்டியில் கிடந்து, புளியும் உறைப்பும் ஊறி, கத்தியால் வெட்டலாம்போல் இறுகிவிடும். அந்தப் பழங்கூழை அடுப்பேற்றாமல், குளிரக்குளிர அள்ளித் தின்பதுதான் உண்மையான ருசி என்று ஒரு கட்சி நெடுங்காலமாக வாதாடி வருகிறது. கரைவலைக்காரரும் அதே கட்சி. அவர்களுடைய தரவுகள் வலுவானவை. ஏற்றுக்கொண்டால் இந்தக் கட்டுரையின் தலைப்பை மாற்ற வேண்டிவரும் என்பதால் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.