கதாநாயகனைக் கைது செய்!

கேள்வி: நாடகம் போட்டும் கதை எழுதியும் எந்த ஆட்சியாவது அசைந்திருக்கிறதா?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அசைந்ததோ இல்லையோ, கென்யாவில் நன்றாகவே பதறியிருக்கிறது. கூகி வா தியாங்கோ 1977-ல் ஆங்கிலத்தில் ஒரு நாவல் வெளியிட்டார். ஆள்வோரைக் கிழித்துத் தொங்கவிட்ட நாவல்தான். ஒருவரும் அவரைத் தொடவில்லை. அதே ஆண்டு கமிரீத்து கிராமத்தில் உழவர்களும் தொழிலாளர்களும் தாங்களே கட்டிய திறந்தவெளி அரங்கில், தாங்களே நடிக்க, தங்கள் கிகூயு மொழியில், அவர் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய நாடகம் நடந்தது. சில வாரங்களில் தடை. டிசம்பர் 31-ல் தியாங்கோ கைது, விசாரணையெல்லாம் கிடையாது. கருத்தை மன்னித்தவர்கள், அது வயலில் வேலை செய்பவனுக்கும் புரிந்ததை மன்னிக்கவில்லை! மனிதர் அடங்கினாரா? சிறையின் கழிப்பறைத் தாளிலேயே அடுத்த நாவலை எழுதினார், அதுவும் கிகூயுவில். தமிழில்கூட வந்திருக்கிறது: 'சிலுவையில் தொங்கும் சாத்தான்'.

உச்சக்கட்டம் பிறகுதான். 1986-ல் அவருடைய 'மாட்டிகாரி' நாவல் வெளியானது. யாரோ மாட்டிகாரியாம், ஊர் ஊராகப் போய் உண்மை எங்கே, நீதி எங்கே என்று கேட்கிறானாம் என்று ஒரே பேச்சு. ஆளைப் பிடிக்க உத்தரவே போனது. தேடிப் பார்த்தால் அவன் கதாநாயகன்! விலங்கு மாட்ட ஆள் இல்லாத போலீஸ், 1987-ல் கடைகளில் இருந்த பிரதிகளை அள்ளிக்கொண்டு போனது.