நிராகரண இலக்கணம்

தமிழ்ப் பாஷையில் மறுப்புச் சொற்களுக்குப் பஞ்சம் என்று அதன் பரம சத்துருவும் குற்றம் சாட்டத் துணியமாட்டான். இன்மைக்கு ‘இல்லை’, விலக்குக்கு ‘கூடாது’, விருப்பமின்மைக்கு ‘வேண்டாம்’, இசையாமைக்கு ‘மாட்டேன்’, இயலாமைக்கு ‘முடியாது’ என்று காரியத்துக்கொரு சொல்லாகப் பகுத்து வைத்ததோடு திருப்தியடையாமல், அல்லன், அல்லள், அல்லர், அன்று, அல்ல என்று ஆளுக்கும் பொருளுக்கும் தனித்தனி விகுதியும் ஏற்படுத்திக் கொடுத்த முன்னோரின் சிரத்தையை எண்ணும்போது, இத்தனை ஆயுதங்களையும் துருப்பிடிக்க விட்டுவிட்டுப் ‘பார்க்கலாம்’ என்னும் ஒரே சொல்லைக் கொண்டு காலக்ஷேபம் செய்துவரும் நம்மவரின் சாமர்த்தியத்தை வியப்பதா, நோவதா என்பது ஆராய்ச்சிக்குரிய விஷயமாகிறது.

சொற்களும் சும்மா இருக்கவில்லை; தொழிலை மாற்றிக்கொண்டன. ‘மாட்டு’ என்னும் வினைக்கு வல்லமையுடைத்தாதல் என்பது பழம்பொருளாகையால், அக்காலத்தில் ‘மாட்டேன்’ என்றவன் தன் சக்திக் குறைவை ஒப்புக்கொண்ட சாது. இன்று அதைச் சொல்பவன் சக்தியிருந்தும் மனமில்லாதவன். இயலாமையை உணர்த்தப் பிறந்த ‘முடியாது’ என்பதையோ ஐந்து வயதுக் குழந்தை காலை உதைத்துக்கொண்டு கூவும்போது, அக்காரியம் அதற்கு நன்றாக முடியும் என்பதில் அதன் தாயாருக்குக்கூடச் சந்தேகம் இருப்பதில்லை. இவற்றிலும் பரிதாபம் ‘செய்யேன்’ என்பதன் கதி. ‘இது செய்வாயா?’ என்பதற்கு இலக்கணம் கற்பிப்போர் காட்டும் தெளிந்த மறுப்பு அது. ஆனால் ‘கொஞ்சம் வாயேன், இதைச் செய்யேன்’ என்று கெஞ்சிப் பழகிய காதுக்கு, ஒரு புலவர் ‘செய்யேன்’ என்று கம்பீரமாக மறுத்தாலும், அவர் நம்மையே அந்த வேலையைச் செய்யும்படி மன்றாடுவதாகத்தான் கேட்கும்.

இந்த விவகாரத்தின் மர்மத்தை 13ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தவர் பவணந்தி முனிவர். சீயகங்கன் வேண்ட நன்னூலைச் செய்தவர் அவர். (பாயிரம் ஐந்திலக்கணத்தைப் பேச, நமக்குக் கிடைத்திருப்பவை எழுத்தும் சொல்லும் மட்டுமே ஆதலால், எஞ்சிய மூன்றுக்கும் முனிவர் ‘பார்க்கலாம்’ என்று சொல்லியிருப்பாரோ என ஐயுறுவோர் ஐயுறுக.) அவர் விடையை எட்டாக வகுத்து, சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றை மட்டும் நேரான விடைகளாகவும், ஏனைய ஐந்தைச் சுற்றிவளைத்து விடையின் பயனைத் தருவனவாகவும் வைத்தார். அந்த ஐந்தும் எதற்காக என்பதைப் பத்து ரூபாய் கைமாற்றுக் கேட்டுப் பார்த்தவர் எவரும் அறிவர். ‘நானே உங்களிடம் கேட்பதாக இருந்தேன், நீங்கள் கொடுங்கள்’ என்றால் ஏவல். ‘என்னிடம் ஏது ஸார் பணம்?’ என்றால் வினா எதிர் வினாதல். ‘போன வாரந்தான் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வந்தோம்’ என்பது உற்றதுரைத்தல். ‘வருகிற மாதம் வீட்டு வரி கட்டவேண்டும்’ என்பது உறுவது கூறல். ‘பணமென்றால் கஷ்டம், வேண்டுமானால் குடையை எடுத்துக்கொண்டு போங்கள்’ என்பது இனமொழி. ஐந்திலும் எதிர்மறைச் சொல் ஒன்றுகூட இல்லை. பத்து ரூபாயும் இல்லை.

இதைக் கபடம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. இரப்பவனுக்கு ‘இல்லை’ என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் உயிர் போகிறதே, அதைச் சொல்பவனுடைய உயிர் மட்டும் எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ என்று வள்ளுவர் இரவச்சத்தில் வினவிவிட்ட பிறகு, தாக்ஷிண்யமுள்ளவன் அச்சொல்லை எப்படி உச்சரிப்பான்? மளிகைச் சாமான் விஷயத்திலுங்கூட அது அமங்கலம். அரிசிப் பானை காலியானால் ‘அரிசி நிறைந்திருக்கிறது’ என்று சொல்லும் பாட்டிமார்கள் உண்டு. அதைக் கேட்ட வீட்டுக்காரர் சந்தோஷப்படாமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுவதே அச்சொல்லின் பொருளுக்குப் பிரமாணம். எதிர்மறை வெளிப்படையாக வருமிடத்திலோ அது பெரும்பாலும் சம்மதம். காபிக்கு முதல்முறை சொல்லப்படும் ‘வேண்டாம்’ உபசாரத்தின்பாற்பட்டது. அதை நம்பித் தம்ளரை உள்ளே கொண்டுபோன வீட்டைப் பற்றி விருந்தாளி ஆயுள் பரியந்தம் பேசுவார். பந்தியில் வாயால் சொன்ன ‘போதும்’ பரிமாறுபவரைத் தடுக்காது, இலைக்கு மேல் விரித்த கையும் தடுக்காது. விரல் சந்துக்குள் பாயசத்தை விடும் வல்லவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

நிராகரண சாஸ்திரத்தின் சிகரம் பெண் பார்க்கும் வைபவத்தில் இருக்கிறது. சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, பெண்ணைப் பாடவும் சொல்லிக் கேட்டு, சங்கீதத்தைச் சிலாகித்து, வெற்றிலை பாக்கும் பெற்றுக்கொண்டு, வாசற்படியில் செருப்பை மாட்டும் தறுவாயில் பிள்ளையின் தகப்பனார் மலர்ந்த முகத்தோடு திருவாய் மலர்ந்தருளும் ‘ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்’ என்னும் வாக்கியத்தில் இலக்கணப் பிழையும் இல்லை, எதிர்மறை விகுதியும் இல்லை; உறுவது கூறல் என்றே பவணந்தியாரும் கொள்வார். பெண்ணைப் பெற்றவர்கள் அந்தக் கடிதத்துக்காகத் தபால்காரரைத் தினந்தோறும் வழிமறித்து விசாரிக்க வேண்டியதில்லை. அன்று மாலையே வேறு ஜாதகத்தை எடுத்துவிடலாம்.