தொம்மலூர் ரட்சகர்

சிறு கடைகளைக் காப்பாற்றுவதற்கென்றே பிறந்தவர்கள் பெங்களூரில் ஏரியாவுக்கு ஒருவராவது இருப்பார்கள். தொம்மலூரில் இருப்பவரை ரட்சகர் என்று வைத்துக்கொள்வோம். வயது நாற்பதை ஒட்டி. எம்பசி கோல்ஃப் லிங்க்ஸில் வேலை. ஆள் குறைப்பு, விலையேற்றம், மார்க்கெட் டல் என்று எந்தச் செய்தி வந்தாலும் முதலில் பதறுவது அவர்தான். பதற்றம் முழுக்க லேஅவுட் வாட்ஸப் குழுவில் நடக்கும்.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தது. ஐடி பிள்ளைகள் ஊருக்குக் கிளம்ப, பிஜி விடுதிகள் காலியாயின. அவர்களை நம்பி உலை வைத்த மெஸ்கள் பார்சல் மட்டும் கட்டிக்கொண்டு ஈ ஓட்டின. மே மாதம் பிரதமர் 'வோக்கல் ஃபார் லோக்கல்' என்றார். ரட்சகர் அன்றிரவே டிபியை மாற்றினார். ஜூன் 8-ல் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அனுமதி வந்ததும், "நம்ம கடைகளை நாமதான் தூக்கி நிறுத்தணும்" என்று தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் செய்தி போட்டார். போட்ட கையோடு தெருமுனை மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வரவழைத்தார், ஆப்பில், கூப்பன் போட்டு. ஆப்காரர்கள் பில்லில் கால் பங்குக்குப் பக்கத்தில் கமிஷனாக எடுத்துக்கொள்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதைக் கண்டித்தும் ஒரு செய்தி போட்டிருக்கிறார். மெஸ் அவர் வீட்டு பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும்.

நேரில் வந்தால் இன்னும் விசேஷம். முதலில் இலையைப் போட்டோ எடுப்பார். பொரியல் நிறம் எடுபடவில்லையென்று இன்னொரு கரண்டி கேட்பார். "அக்கா, இந்த போட்டோ எத்தனை பேருக்குப் போகுது தெரியுமா? ஆயிரம் பேரு பாப்பாங்க" என்பார். "பாக்கட்டும் சார், அதுல நாலு பேரு சாப்பிட வந்தாப் போதும்" என்பார் மெஸ் அக்கா. அப்பளம் ரெண்டாவது கேட்டால் ஐந்து ரூபாய் என்றதும் ரட்சகர் முகம் சுருங்கிவிடும். "நம்ம கடைன்னுதானே வர்றோம்!"

சாயங்காலம் இதே மனிதர் இந்திராநகர் நூறடி ரோட்டில் முந்நூறு ரூபாய்க் காபி குடிப்பார். ஜிஎஸ்டி எவ்வளவு, சர்வீஸ் சார்ஜ் எதற்கு என்றெல்லாம் கேட்க மாட்டார். அங்கே கேட்டால் கௌரவக் குறைச்சல். இங்கே கேட்காவிட்டால் ஏமாளி.

சரித்திரமும் அவருக்கு அத்துபடி. சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் பெஞ்சை விட்டு எழாமல், சொக்கநாத சுவாமி கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளில் தொம்மலூருக்கு தேசிமாணிக்கப் பட்டணம் என்று பெயர் இருந்ததை எடுத்துச் சொல்வார். "அந்தக் காலத்துலயே இது வியாபாரிங்க ஊரு, அக்கா!" அக்கா தலையாட்டுவார், கண் மட்டும் இடத்துக்காகக் காத்து நிற்கும் வாடிக்கைக்காரர்கள் மேல் இருக்கும்.

காத்து நிற்பவர்கள் யார்? வாட்ச்மேன்கள், ஆட்டோக்காரர்கள், பேங்க் பியூன், ஆப் கம்பெனிச் சட்டை போட்ட டெலிவரிப் பையன்கள். இவர்களுக்குப் பொருளாதார மந்தம் பற்றிக் கருத்து ஒன்றும் கிடையாது. வருவார்கள், சாப்பிடுவார்கள், சொன்ன காசைக் கொடுப்பார்கள், மறுநாளும் வருவார்கள். அரிசிக் கடைக்காரருக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அக்கா கொடுப்பது இந்தக் காசைத்தான். இவர்கள் யாரும் மெஸ்ஸைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

2025 ஜூலையில் ரட்சகரின் தொண்டுக்கு உச்சக்கட்டம் வந்தது. யுபிஐ வரவைக் கணக்குப் பார்த்து, பெங்களூரின் சிறு வியாபாரிகளுக்கு வணிகவரித் துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். தாண்டினால் பதிவு செய்ய வேண்டும். கேட்க மலையளவாகத் தெரியும். ஆனால் ஒரு மெஸ்ஸில் நாளுக்கு ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் கல்லாவில் விழுந்தாலே 20 லட்சம் ஆகிவிடும். அது லாபமல்ல, அரிசி, காய், வாடகை, கூலி எல்லாம் அதற்குள்தான். பேக்கரி, டீக்கடை, காய்கறிக் கடை என்று வரிசையாக க்யூஆர் அட்டையைக் கழற்றி 'நோ யுபிஐ, ஒன்லி கேஷ்' என்று எழுதி ஒட்டினார்கள். நோட்டீஸ் வராவிட்டாலும் பயம் வந்ததால் அக்காவும் ஒட்டினார்.

ரட்சகர் கொதித்தார். விற்றுமுதலுக்கும் லாபத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பதினான்கு பத்தியில் விளக்கினார். அத்தனையும் நியாயமான வாதம். அதை மெஸ் பெஞ்சில் உட்கார்ந்து, முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு, மோரைக் குடித்தபடி எழுதினார். எழுந்தபோது சட்டைப்பையைத் தடவினார்.

"அக்கா, கேஷ் வெச்சிக்கிற பழக்கமே போயிடுச்சு. நோட்டுல எழுதிக்குங்க."

மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். முதலமைச்சர் வியாபாரிகளைக் கூப்பிட்டுப் பேசி, பிரச்சினை அடங்கி, க்யூஆர் அட்டை பழைய ஆணிக்குத் திரும்பியும் விட்டது. ரட்சகர் அதையும் போனில் போட்டோ எடுத்து, 'நம் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி' என்று போட்டார். ஸ்கேன் மட்டும் செய்யவில்லை.

ஒருநாள் அக்கா பொறுக்கமாட்டாமல் கணக்கு நோட்டை விரித்து அவர் முன்னால் வைத்தார். "சார், ஆயிரத்தி நூத்தி எழுபது ஆயிருக்கு."

ரட்சகருக்குக் கண் கலங்கியது. நோட்டின் அந்தப் பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படமெடுத்துக் குழுவில் போட்டார்: 'இந்த நெருக்கடியிலும் கடன் கொடுக்கும் நம்ம ஊர் மனசு! எந்த ஆப் தரும் இதை? இப்படிப்பட்ட கடைகளைக் கைவிடலாமா?' சாயங்காலத்துக்குள் எண்பது பேர் கைகூப்பியிருந்தார்கள். இரண்டு பேர் முகவரி கேட்டார்கள், அங்கே கடனுக்குச் சாப்பாடு கிடைக்குமாமே என்று.