சித்தாரும் சிந்தசைசரும்

கேள்வி: சித்தாரையும் சைகடெலிக் ராக்கையும் கலந்த ஆனந்த சங்கர், இரண்டாவது ஆல்பத்துக்கு ஐந்து வருடம் எடுத்துக்கொண்டாராமே, சோம்பலா?
- பெயர் வேண்டாம், பொந்தியான்

பதில்: அன்னாசி பழுக்கப் பொறுமையாகக் காத்திருக்கும் ஊர்க்காரருக்கா இவ்வளவு அவசரம்! 1970-இல் வந்த முதல் ஆல்பத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ், டோர்ஸ் பாட்டுகளைச் சித்தாரில் வாசித்தார். அவை இரவல் சட்டை. 1975-இல் வந்த இரண்டாவதுதான் அசல் ஆனந்த சங்கர். ‘டான்ஸிங் டிரம்ஸ்’ கேளுங்கள்: தாளம் மல்லுக்கட்ட, சித்தார் சாவகாசமாக வரும். ஜனங்கள்தான் அதைவிடச் சாவகாசம். 1996-இல் ப்ளூ நோட் கம்பெனி ஒரு தொகுப்பில் சேர்த்த பிறகே மேல்நாட்டு இளசுகளுக்கு அது பரவலாக எட்டியது. தாமதம் பரம்பரைச் சொத்தும்கூட. அப்பா உதயசங்கர் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் ‘கல்பனா’ எடுத்து 1948-இல் வெளியிடுவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. மகன் ஐந்தோடு நிறுத்திக்கொண்டாரே!